நடுவுல கொஞ்சம் ஸ்கூலைக் காணோம்: ஐன்ஸ்டீனின் கேப் இயர் கதை!

1894 டிசம்பர் கடைசி. ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் ரயிலில் ஏறுகிறான் ஒரு 15 வயசுப் பையன். ஸ்கூல் முடிக்க இன்னும் மூணு வருஷம் பாக்கி. கையில் சர்ட்டிஃபிகேட் எதுவும் இல்லை. தான் வரப்போவதை வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மிலானில் இறங்கி, அம்மா அப்பா முன்னால் போய் நின்று, இனிமே அந்த ஸ்கூலுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான்.

நம்ம வீட்டில் இப்படி ஒரு சீன் நடந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஐன்ஸ்டீன் வீட்டிலும் கிட்டத்தட்ட அதேதான் ஆனது. பையன் வாழ்க்கை போச்சு என்று பெற்றோர் பதறிப்போனார்கள்.

ஆமாங்க, அதே ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்தான். 1905-ல் ஃபிசிக்ஸையே புரட்டிப்போட்டவர், 1921-ம் வருடத்துக்கான நோபல் பரிசை வாங்கியவர், நாக்கை நீட்டிக்கொண்டு போஸ்டரில் இருப்பவர். அவர் வாழ்க்கையில் ஸ்கூல் படிப்பு அறுந்துபோய், மறுபடி ஒட்டிய ஒரு காலம் இருக்கிறது. 1894 டிசம்பரிலிருந்து 1896 அக்டோபர் வரை, கிட்டத்தட்ட இரண்டு வருஷம். முதல் பாதியை அவனே ப்ளான் பண்ணினான். இரண்டாம் பாதியை மத்தவங்க ப்ளான் பண்ணினாங்க. ரெண்டுக்கும் நடுவே ஒரு எக்ஸாம் ஃபெயிலியர்.

கரன்ட் வீட்டுப் பையன்

ஆல்பர்ட் பிறந்தது 1879 மார்ச் 14, ஊல்ம் என்ற ஊரில். அடுத்த வருஷமே குடும்பம் மியூனிக்குக்கு வந்துவிட்டது. அப்பா ஹெர்மனும் சித்தப்பா யாக்கோபும் சேர்ந்து எலெக்ட்ரிகல் கம்பெனி நடத்தினார்கள். டைனமோ, மீட்டர், தெரு விளக்கு என்று எல்லாம் புதுசாக வந்துகொண்டிருந்த காலம். 1885-ல் மியூனிக்கின் புகழ்பெற்ற அக்டோபர் திருவிழாவில் முதன்முறையாக மின் விளக்குகள் எரிந்தபோது, அதைப் போட்டுக் கொடுத்தது இவங்க கம்பெனிதான்.

வீடே பையனுக்கு ஒரு ஸ்கூல். இன்ஜினீயரான சித்தப்பா, அல்ஜீப்ராவை வேட்டை விளையாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தார். எக்ஸ் என்பது ஒளிந்திருக்கும் மிருகம், துரத்திப் பிடிக்க வேண்டியதுதான் வேலை. வியாழக்கிழமைதோறும் மாக்ஸ் டால்முட் என்ற ஏழை மெடிக்கல் மாணவர் இவர்கள் வீட்டில் சாப்பிட வருவார். வசதியில்லாத மாணவருக்கு வாரம் ஒருவேளை சாப்பாடு போடுவது யூதக் குடும்பங்களில் இருந்த பழக்கம். சாப்பிட்ட கையோடு, பொடியனுக்கு சயின்ஸ் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். 12 வயதில் ஜியோமெட்ரி, அப்புறம் கால்குலஸ் என்று பையன் போன வேகத்துக்கு மாக்ஸாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை.

அப்போ பள்ளிக்கூடத்தில் என்ன பிரச்னை? அது லூயிட்போல்ட் ஜிம்னாசியம். இங்கே ஜிம்னாசியம்னா உடற்பயிற்சிக் கூடம் இல்லை, மேல்நிலைப்பள்ளி. லத்தீன், கிரீக், மனப்பாடம், ராணுவம் மாதிரி ஒழுங்கு. ஆல்பர்ட் கணக்கில் கெட்டிதான். ஆனால் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவன் சிரிக்கிற சிரிப்பே சில வாத்தியார்களுக்கு ஆகவில்லை. நீ இங்கே இருப்பதே மற்ற பிள்ளைகளுக்கு எங்கள் மேல் இருக்கும் மரியாதையைக் கெடுக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒருவர் சொல்லியே விட்டார்.

அதே சமயம் அப்பாவின் பிசினஸும் கவிழ்ந்தது. மியூனிக் தெரு விளக்கு கான்ட்ராக்ட் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட, 1894-ல் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு இத்தாலிக்குக் கிளம்பியது. ஆல்பர்ட்டை மட்டும் படிப்பை முடிக்கட்டும் என்று தூரத்துச் சொந்தக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். தனிமை, பிடிக்காத ஸ்கூல், கூடவே இன்னொரு பயம். 17 வயது முடியும்வரை ஜெர்மனியில் இருந்தால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க முடியாது.

பையன் எமோஷனலாகக் கிளம்பிவிடவில்லை. அவனுக்குள் ஒரு ப்ளானர் இருந்திருக்கிறான். மாக்ஸின் அண்ணன் டாக்டர். அவரிடம் நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை என்று ஒரு சான்று வாங்கினான். கணக்கு வாத்தியாரிடம், இவன் கணக்கில் காலேஜ் லெவலில் இருக்கிறான் என்று இன்னொரு கடிதம். சர்ட்டிஃபிகேட் இல்லாதவனுக்கு அந்தக் கடிதம்தான் பாஸ்போர்ட்.

இத்தாலியில் ஒரு வருஷம்

வீட்டில் அவன் கொடுத்த வாக்கு இதுதான். நானே படிப்பேன், அடுத்த இலையுதிர்காலத்தில் ஜூரிச் பாலிடெக்னிக்கின் நுழைவுத்தேர்வை எழுதிச் சேருவேன். நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக்னு நினைச்சுக்காதீங்க. இன்றைக்கு இ.டி.ஹெச். ஜூரிச் என்ற பெயரில் உலகத் தரவரிசையில் முன்னணியில் நிற்கும் அதே நிறுவனம். அங்கே சேர ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் கட்டாயமில்லை, என்ட்ரன்ஸ் பாஸ் பண்ணினால் போதும் என்பதுதான் அவன் கண்டுபிடித்த சந்து.

1895-ல் குடும்பம் மிலானுக்குத் தெற்கே பாவியா என்ற ஊருக்கு மாறியது. அங்கே புது ஃபேக்டரி. ஆல்பர்ட் காயிலையும் மேக்னெட்டையும் நோண்டிக்கொண்டு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்தாசை செய்தான். சித்தப்பாவும் அவருடைய உதவி இன்ஜினீயரும் நாள்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த ஒரு கணக்கைக் கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தான் என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், சித்தப்பாக்கள் அப்படித்தான்.

ஃபிரெஞ்சு இயற்பியலாளர் வியோல் எழுதிய தடிமனான பாடப்புத்தகங்களை வாங்கி, ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டே படித்தான். மிச்ச நேரத்தில் ஊர் சுற்றல். மியூசியம், சர்ச், கச்சேரி. நண்பன் ஒருவனோடு மலைப்பாதையில் நடந்தே ஜெனோவா வரைக்கும் போய் மாமா வீட்டில் இறங்கினான். வீட்டில் வயலின். மியூனிக்கில் முறைத்துக்கொண்டிருந்த பையன் ஆளே மாறிவிட்டதைத் தங்கை மாயா கவனித்திருக்கிறாள்.

அந்தக் கோடையில் இன்னொரு வேலையும் நடந்தது. காந்தப் புலத்துக்குள் ஈதர் என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்து ஒரு கட்டுரை எழுதி, பெல்ஜியத்தில் இருந்த தாய்மாமா சீசருக்கு அனுப்பினான். ஒளி அலைகள் பயணம் செய்ய, வெட்டவெளியை நிரப்பிக்கொண்டு ஈதர் என்று ஒன்று இருக்கிறது என அன்றைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். 16 வயதில் அதன்மேல் கட்டுரை எழுதிய அதே ஆள்தான், பத்து வருஷம் கழித்து ஈதரே தேவையில்லை என்று தூக்கிப் போட்டார்.

கேட்க செமயா இருக்குல்ல? ஆனால் இந்த ப்ளானில் ஒரு பெரிய ஓட்டை. அவனுக்குப் பிடித்ததை மட்டும்தான் அவன் படித்தான்.

எக்ஸாமில் என்ன ஆச்சு?

நுழைவுத்தேர்வு எழுத 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆல்பர்ட்டுக்குப் பதினாறரை. குடும்ப நண்பர் குஸ்தாவ் மையர், ஜூரிச்சில் இருந்தவர், பாலிடெக்னிக் இயக்குநர் ஆல்பின் ஹெர்சாக்கிடம் இவன் அபூர்வமான பையன் என்று சிபாரிசு செய்தார். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் ஸ்கூலைப் பாதியில் விடுவது சரியில்லை என்பது ஹெர்சாக்கின் பதில். இருந்தாலும் எழுதிப் பார்க்கட்டும் என்று அனுமதித்தார்.

1895 அக்டோபரில் தேர்வு. கணக்கும் சயின்ஸும் பிரமாதம். ஃபிசிக்ஸ் பேராசிரியர் வேபர், ஜூரிச்சிலேயே தங்குவதாக இருந்தால் என் வகுப்பில் வந்து உட்காரு என்று கூப்பிடும் அளவுக்கு. ஆனால் பொதுப்பகுதி? ஃபிரெஞ்சு, இலக்கியம், அரசியல், உயிரியல் பக்கம் எல்லாம் சறுக்கல். மொத்தத்தில் தேறவில்லை.

ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வர்டு இந்த ஊர்ப் பக்கமிருந்து கிளம்பியதுதான். கணக்கில் அவர் என்றைக்குமே ஃபெயில் இல்லை. அடுத்து அவர் படித்த பள்ளியில் நடுவில் மார்க் முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். 1 முதலிடமாக இருந்தது, 6 முதலிடமாக ஆனது. பின்னால் பார்த்தவர்கள் குழம்பிவிட்டார்கள். உண்மையில் அவரைக் கவிழ்த்தது அவர் படிக்காமல் ஒதுக்கிய சப்ஜெக்ட்டுகள்.

ஹெர்சாக் செய்த காரியம்தான் இந்தக் கதையின் திருப்பம். போய்ட்டு வா என்று கதவைச் சாத்திவிடவில்லை. வேபர் வகுப்பில் சும்மா உட்காரவும் விடவில்லை. ஜூரிச்சுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஆராவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் கன்டோன் பள்ளியில் ஒரு வருஷம் படித்து டிப்ளமோ வாங்கிக்கொண்டு வா, திரும்ப என்ட்ரன்ஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று வழி காட்டினார்.

ஆராவ்: மத்தவங்க போட்ட ப்ளான்

16 வயதுப் பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? காலேஜுக்குப் போகிறேன் என்று கிளம்பியவனை மறுபடி ஸ்கூல் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். நீட், ஜே.இ.இ-க்கு ட்ராப் இயர் எடுத்தவங்களுக்கு இந்த ஃபீலிங் புரியும். ஆனால் ஆராவில் நடந்தது ரிப்பீட் கோச்சிங் இல்லை.

அந்தப் பள்ளி 1802-ல் தொடங்கப்பட்டது. பெஸ்டலோட்சி என்ற சுவிஸ் கல்வியாளரின் வழி அங்கே செல்வாக்காக இருந்தது. பிள்ளைகள் முதலில் பார்க்கணும், தொடணும், மனசுக்குள் படமாகக் கொண்டுவரணும், அப்புறம்தான் சூத்திரம் என்பது அந்த வழியின் அடிப்படை. ஃபிசிக்ஸ் ஆசிரியர் டூக்ஷ்மிட் நல்ல லேப் ஒன்றை வைத்திருந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டால் கோபப்படாதவர்கள். பாவியாவில் விட்டுப்போன ஓட்டைகளும் சும்மா விடப்படவில்லை. ஃபிரெஞ்சுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் தனி வகுப்பு.

எங்கே தங்குவது என்பதும் ப்ளானின் பகுதிதான். ஹாஸ்டல் இல்லை, அதே பள்ளியில் ஆசிரியரான யோஸ்ட் வின்டெலர் வீடு. அவர் மொழியியல் அறிஞர், பறவைகளைக் கவனிப்பதில் பைத்தியம், ஜெர்மன் ராணுவ மிடுக்கு என்றாலே ஒவ்வாதவர். ஏழு பிள்ளைகள். சாப்பாட்டு மேஜையில் அரசியலும் புத்தகமும் பாட்டும். யோஸ்ட்டின் மனைவி பவுலினை ஆல்பர்ட் அம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தான். இருவரின் பெயரும் பவுலின், அவனைப் பெற்றவள் பெயரும் அதுவே.

அந்த வருஷத்தில் அவன் செய்தவற்றைப் பாருங்கள். 1896 ஜனவரியில், அப்பாவின் சம்மதத்தோடு ஜெர்மன் குடியுரிமையைத் துறந்தான். கட்டணம் மூன்று மார்க். அடுத்த ஐந்து வருஷம் எந்த நாட்டுக்கும் குடிமகன் இல்லை. மார்ச்சில் இசைத் தேர்வு. பீத்தோவனின் மெதுவான பகுதி ஒன்றை அவன் வாசித்த விதத்தைத் தேர்வாளர் தன் அறிக்கையில் பாராட்டியிருக்கிறார். ஜூனில், இயற்கை அறிவியல் ஆசிரியர் மூல்பெர்க் மாணவர்களைப் பாறைகளைப் படிக்க 2,502 மீட்டர் உயர சான்டிஸ் மலைக்குக் கூட்டிப்போனார். மழை. ஆல்பர்ட்டின் காலில் மலைக்கு லாயக்கில்லாத ஷூ. வழுக்கிச் சரிந்துகொண்டே போனவனைக் கூடப் படித்த அடால்ஃப் ஃபிஷ் தன் மலையேற்றக் கழியை நீட்டிப் பிடித்து நிறுத்தினான். அந்தக் கழி ஒரு அடி குட்டையாக இருந்திருந்தால் என்று யோசிக்கும்போது இப்பவும் கொஞ்சம் பக்குனுதான் இருக்கு.

அந்த ஊரில்தான் அந்தக் கேள்வியும் வந்தது. ஓர் ஒளிக்கற்றையை அதே வேகத்தில் துரத்திக்கொண்டு ஓடினால் என்ன தெரியும்? பக்கத்துத் தண்டவாளத்தில் நம்ம ரயில் வேகத்திலேயே இன்னொரு ரயில் வந்தால், அது நிற்கிற மாதிரி தெரியும் இல்லையா? அப்படியென்றால் ஒளி அலையும் உறைந்துபோய் நிற்கிற மாதிரி தெரிய வேண்டும். ஆனால் அப்படி நிற்கும் ஒளியை யாரும் பார்த்ததில்லை, மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. எந்த சிலபஸிலும் அந்தக் கேள்வி இல்லை, எந்த எக்ஸாமுக்கும் அது தேவைப்படவில்லை. பத்து வருஷம் அவனோடேயே இருந்தது.

காதலும் வந்தது. வின்டெலர் வீட்டுப் பெண் மாரி, அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள், டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். இரண்டு குடும்பத்துக்கும் சம்மதம். ஆல்பர்ட் ஜூரிச் போன பிறகும் அழுக்குத் துணியைப் பார்சல் செய்து அவளுக்கு அனுப்புவான், அவள் துவைத்துத் திருப்பி அனுப்புவாள். 1897-ல் அவன் விலகிக்கொண்டான். மாரிக்கு அது பெரிய அடி. மேதை என்பதற்காக இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகத் தேவையில்லை.

செலவு யார் கணக்கு?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். இப்படி நின்று நிதானிக்க அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள். சிபாரிசுக்கு மையர், ஜெனோவாவில் ஒரு மாமா, பெல்ஜியத்தில் ஒரு மாமா. பாவியா கம்பெனியும் 1896-ல் படுத்துவிட்டது. ஜூரிச்சில் படித்த காலத்தில் மாதம் 100 ஃபிராங்க் அனுப்பியது ஜெனோவா சொந்தம்தான். அப்பா ஹெர்மன் கடனிலேயே இருந்து 1902-ல் இறந்துபோனார். குடும்பத்துக்குத் தான் ஒரு சுமையாக இருக்கிறோம் என்ற வலி பல வருஷம் ஐன்ஸ்டீனின் கடிதங்களில் தெரியும்.

ரிசல்ட்

1896 செப்டம்பரில் ஆராவ் இறுதித் தேர்வு. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, ஃபிசிக்ஸ், வரலாறு எல்லாவற்றிலும் முழு மார்க்கான 6. போன வருஷம் சயின்ஸ் தவிர மற்றதில் சறுக்கியவன் வரலாற்றில் 6 வாங்கியிருக்கிறான் என்பதைக் கவனிங்க. ஃபிரெஞ்சு மட்டும் கடைசிவரை அடங்கவில்லை, அதில் 3. அந்தப் பரீட்சையில் எதிர்காலத் திட்டம் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இலக்கணப் பிழைகளோடு ஆல்பர்ட் எழுதியது ரொம்ப சிம்பிள். பாலிடெக்னிக்கில் நாலு வருஷம் கணக்கும் ஃபிசிக்ஸும் படிப்பேன், அப்புறம் வாத்தியார் ஆவேன். காரணம், எனக்குக் கருத்தளவில் யோசிக்க வரும், நடைமுறைச் சாமர்த்தியம் கம்மி. பையனை இன்ஜினீயராக்கி பிசினஸைத் தூக்கி நிறுத்தலாம் என்று நினைத்திருந்த அப்பாவுக்கான பதில், ஃபிரெஞ்சு பேப்பரில் எழுதப்பட்டுவிட்டது.

அக்டோபரில், பதினேழரை வயதில், விதிப்படி இன்னும் அரை வருஷம் சின்னவனாக இருந்தபோதே பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கேயும் வகுப்பைக் கட் அடித்து நண்பன் மார்செல் கிராஸ்மனின் நோட்ஸை வைத்துப் பாஸ் ஆனது, 1900-ல் டிப்ளமோ, இரண்டு வருஷம் சரியான வேலையில்லாமல் அலைந்தது, 1902-ல் பெர்ன் நகர காப்புரிமை அலுவலகத்தில் வேலை. 1905-ல் அந்த ஒளிக்கற்றைக் கேள்விக்கு விடை. சிறப்புச் சார்பியல் கோட்பாடு.

அந்தக் கட்டுரையில் புத்தகப் பட்டியலே கிடையாது. கடைசியில் நன்றி சொல்லியிருப்பது ஒரே ஒருவருக்கு, நண்பர் மிகேல் பெஸ்ஸோ. ஐன்ஸ்டீன் மூலம்தான் பெஸ்ஸோவுக்கு வின்டெலர் வீட்டு மூத்த பெண் அன்னா அறிமுகம். 1898-ல் இருவருக்கும் கல்யாணம். 1910-ல் ஐன்ஸ்டீனின் தங்கை மாயா, அதே வீட்டுப் பையன் பவுலைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் தங்கப்போன வீடு சம்பந்தி வீடாகிவிட்டது.

1955 மார்ச். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கு 76 வயது. ஜூரிச் பாலிடெக்னிக்கின் நூற்றாண்டுக்காகத் தன்னைப் பற்றிச் சுருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். தான் என்ட்ரன்ஸில் தேறாததையும், அது நியாயமான முடிவுதான் என்பதையும் அதில் ஒப்புக்கொண்டார். பிறகு ஆராவ் பள்ளிக்கு வந்தார். அதன் சுதந்திரமும், அலட்டல் இல்லாத ஆசிரியர்களின் அக்கறையும் மறக்க முடியாதவை என்று எழுதி, ஜெர்மன் ஜிம்னாசியத்தில் கழித்த ஆறு வருஷத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 18-ல் இறந்துபோனார்.